எலியில் பிறந்த 4டி5

புற்றுநோய் வார்டுகளில் ‘ஹெர்செப்டின்’ என்று இன்னமும் பழைய கம்பெனிப் பெயராலேயே அழைக்கப்படும் டிராஸ்டுஸுமாப், பிறந்தது எலியின் உடம்பில். அப்போது அதற்குப் பெயர்கூடக் கிடையாது. 4டி5 என்ற ஆய்வக அடையாளம்தான்.

முன்கதை கேம்பிரிட்ஜில் நடந்தது. 1975-இல் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும், ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் எலியின் செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். அந்தக் கலப்புச் செல் ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் சுரந்தது. மோனோகுளோனல் ஆன்டிபாடி என்பது இதுதான். 1984-இல் நோபல் வந்தது. காப்புரிமையை மட்டும் அவர்கள் வாங்கி வைக்கவில்லை; உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் அந்த வித்தையைத் தாராளமாக எடுத்தாண்டன. அதை வைத்துச் செய்த மருந்துகள் என்ன விலைக்கு வந்தன என்பது வயிற்றெரிச்சல்.

1987-இல் லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் டென்னிஸ் ஸ்லாமன் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார். சுமார் 30 சதவீதக் கட்டிகளில் ஹெர்2 என்ற ஜீன் அளவுமீறிப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரமே திரும்பியது. அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க ஜெனென்டெக் ஆய்வகத்தில் உருவான எலி ஆன்டிபாடிகளில் ஒன்றுதான் 4டி5. கம்பெனி மேலிடம் தயங்கியது, ஸ்லாமன் விடவில்லை. அவருடைய ஆய்வுக்கு அழகுசாதன நிறுவனமான ரெவ்லானின் பணமும் கைகொடுத்தது. லிப்ஸ்டிக் காசு இப்படியும் செலவாகியிருக்கிறது.

எலிப் புரதத்தை அப்படியே ஏற்றினால் மனித உடம்பு அதை அந்நியமென்று விரட்டும். எனவே பால் கார்ட்டர் குழுவினர், ஹெர்2-ஐப் பிடிக்கும் நுனிகளை மட்டும் எலியிடமிருந்து எடுத்து மனித ஆன்டிபாடியில் ஒட்டுமாங்கன்று போலப் பொருத்தினார்கள். 1992-இல் கட்டுரை வெளியானது. இந்த மருந்தை இன்று பெரிய தொட்டிகளில், ஹாம்ஸ்டர் என்னும் வெள்ளெலியின் செல்களில் வளர்த்தெடுக்கிறார்கள். எலியை விட்டும் எலியினம் விடவில்லை!

நோய் பரவிவிட்ட 469 பெண்களிடம் நடந்த சோதனையில், கீமோவோடு இதையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20 மாதத்திலிருந்து 25 மாதமாகக் கூடியது. 1998 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று 2005-இல் தெரிந்தபோதுதான் இதன் முழு அருமை புரிந்தது. இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள்.

இந்தியக் காப்புரிமையை 2013-இல் ஜெனென்டெக்கின் உரிமையாளரான ரோஷ் கைவிட்டது. மறு வருடமே பெங்களூருவின் பயோகான், ‘கேன்மாப்’ என்ற பெயரில் தன் மருந்தைக் கொண்டுவந்தது. 2017-இல் பயோகானும் மைலானும் சேர்ந்து செய்த மருந்துக்கு அமெரிக்காவே அனுமதி தந்தது.

குப்பியில் இருப்பது வெளிறிய பொடி. நர்ஸ் அதில் நீரைச் செலுத்தி மெல்லச் சுழற்றுவார். குலுக்கமாட்டார், குலுக்கினால் நுரைத்துவிடும். முதல் டோஸ் ஏற ஒன்றரை மணி நேரம். பிறகு வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம்.

ஆனால் ஹெர்2 மிகுந்த கட்டிக்குத்தான் இது பலிக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் ஆன்டிபாடியே வேண்டும்: பயாப்ஸித் துண்டில் அதைச் சேர்த்துச் சாயமேற்றினால், ஹெர்2 மிகுந்த செல்களின் விளிம்பு பழுப்பாகத் தெரியும். 3 பிளஸ் என்றால் பாசிட்டிவ். 2 பிளஸ் என்றால் சந்தேகம். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் என்றால் ரிப்போர்ட்டில் ஹெர்2 வரியைத் தேடிப் பாருங்கள். 2 பிளஸ் என்று இருந்தால், சந்தேகம் தீர்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.