ராக்பிரை

ராக்பிரை என்பது ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை கடக்கும், ஆண்டுதோறும் நடைபெறும் கூட்டு மிதிவண்டி முகாம் பயணம் ஆகும். "ரெஜிஸ்டர்ஸ் ஆனுவல் கிரேட் பைசைக்கிள் ரைடு அக்ராஸ் அயோவா" என்னும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இப்பெயர் அமைந்தது. "ரெஜிஸ்டர்" என்பது இதனை நடத்தும் டெ மொயின் ரெஜிஸ்டர் என்ற நாளிதழைக் குறிக்கும். 1973ஆம் ஆண்டு தொடங்கிய இப்பயணம், ஜூலை மாதத்தின் கடைசி முழு வாரத்தில், ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாட்கள் நடைபெறுகிறது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாக 2020ஆம் ஆண்டில் மட்டும் நடைபெறவில்லை. பாதையின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறினும் சராசரியாக ஏறத்தாழ 750 கிலோமீட்டர் ஆகும்.

இது பந்தயம் அன்று. யாருடைய நேரமும் கணக்கிடப்படுவதில்லை; முதலில் வந்தவருக்குப் பரிசும் இல்லை. பல்லாயிரம் பேர் பகலில் மிதித்து, மாலையில் ஒரு சிற்றூரில் கூடாரமடித்து உறங்கி, மறுநாள் விடியுமுன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதே இதன் முழு உள்ளடக்கம்.

தோற்றம்

டெ மொயின் ரெஜிஸ்டர் இதழில் பணியாற்றிய ஜான் காரஸ், டொனால்ட் கால் ஆகிய இருவரும் மிதிவண்டி ஆர்வலர்கள். கால் வாஷிங்டனில் இருந்துகொண்டு அவ்விதழில் பத்தி எழுதி வந்தார். அவர் அயோவாவை மிதிவண்டியில் கடந்து, வழியில் கண்டவற்றைப் பத்தியில் எழுதலாம் என்று காரஸ் கூறினார். காரசும் உடன் வருவதானால் தாமும் வருவதாகக் கால் பதிலளித்தார். வாசகர்களில் விருப்பமுள்ளோரும் சேர்ந்துகொள்ளலாம் என இதழில் அறிவிக்கப்பட்டது. ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு, இதழின் மக்கள் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த டான் பென்சனிடம் ஒப்படைக்கப்பட்டது.

1973 ஆகஸ்ட் 26 அன்று சூ சிட்டி நகரில் சுமார் 300 பேர் கூடினர். ஸ்டார்ம் லேக், ஃபோர்ட் டாட்ஜ், ஏம்ஸ், டெ மொயின், வில்லியம்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் இரவு தங்கி, ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டாவன்போர்ட்டை அடைந்தனர். ஏம்ஸ் - டெ மொயின் இடையே எண்ணிக்கை 500 வரை உயர்ந்தது. எனினும் முழுத்தொலைவையும் கடந்தவர்கள் 114 பேர் மட்டுமே.

அந்த 114 பேரில் ஒருவர் இந்தியனோலா ஊரைச் சேர்ந்த கிளாரன்ஸ் பிக்கர்ட். அவருக்கு அப்போது வயது 83. அவர் ஓட்டியது பெண்களுக்கான பழைய ஷ்வின் மிதிவண்டி. ஆகஸ்ட் வெயிலில் முழுக்கைச் சட்டை, அதனுள் நீண்ட கம்பளி உள்ளாடை, தலையில் வெள்ளி நிறத் தொப்பி ஆகியவற்றோடு அவர் மிதித்தார். டெ மொயினிலிருந்து வில்லியம்ஸ்பர்க் வரையிலான 177 கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்க வேண்டியிருந்தது. அதையும் அவர் கடந்தார். இதழின் வாசகர்கள் அன்றாடம் அவர் எங்கே இருக்கிறார் என்பதைத் தேடிப் படித்தனர். இப்பயணம் ஓராண்டு நிகழ்வாக முடிந்துபோகாமல் தொடர்ந்ததில் இரு பத்தியாளர்களின் எழுத்துக்கு உள்ள பங்கு இம்முதியவருக்கும் உண்டு எனலாம்.

அறிவிப்புக்கும் பயணத்துக்கும் இடையே காலம் குறைவாக இருந்ததால் கலந்துகொள்ள இயலாத பலர், மீண்டும் நடத்துமாறு இதழுக்கு எழுதினர். 1974இல் கவுன்சில் பிளஃப்ஸ் முதல் டுபியூக் வரை இரண்டாம் பயணம் நடைபெற்றது. 1975 முதல் ராக்பிரை என்ற பெயர் நிலைத்தது. 2023இல் நடைபெற்ற ஐம்பதாவது பயணம், முதல் பயணத்தைப் போலவே சூ சிட்டியில் தொடங்கி டாவன்போர்ட்டில் முடிந்தது.

பாதை

அயோவாவின் மேற்கு எல்லையில் மிசூரி ஆறும் பிக் சூ ஆறும், கிழக்கு எல்லையில் மிசிசிப்பி ஆறும் ஓடுகின்றன. பயணத்தின் தொடக்கத்தில் பின் சக்கரத்தை மேற்கு எல்லை ஆற்றிலும், முடிவில் முன் சக்கரத்தை மிசிசிப்பியிலும் நனைப்பது மரபு. மேற்கிலிருந்து கிழக்கு என்ற திசை மாறுவதில்லை. இடையிலுள்ள ஊர்கள் ஒவ்வோர் ஆண்டும் மாறுகின்றன. இரவு தங்கும் ஊர்களின் பெயர்கள் வழக்கமாகச் ஜனவரி இறுதியில் அறிவிக்கப்படும். தம் ஊர் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று ஊர்கள் விண்ணப்பிப்பதுண்டு.

அயோவா சமதளமான மாநிலம் என்பது பரவலான கருத்து. மிதிவண்டியில் சென்றவர்கள் இக்கருத்தை விரைவில் கைவிடுவர். மேற்கில் காற்றால் படிந்த வண்டல் மண்ணாலான லோயஸ் குன்றுகளும், வடகிழக்கில் பனியாறுகள் சமன் செய்யாத கரடுமுரடான நிலப்பகுதியும் உள்ளன. வாரம் முழுவதுமான ஏற்றங்களைக் கூட்டினால் பெரும்பாலும் 3,000 மீட்டரைக் கடக்கும். சில ஆண்டுகளில் 5,000 மீட்டரையும் தாண்டும். இதுவும் போதாது என்போருக்காக, ஒரு நாள் மட்டும் கூடுதல் வளையப் பாதை ஒன்று வகுக்கப்படும். அதையும் சேர்த்து மிதித்தால் அன்றைய தொலைவு 100 மைல் (161 கிலோமீட்டர்) ஆகும். இது காரசின் பெயரால் வழங்கப்படுகிறது.

ஆயத்தம்

நாளொன்றுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஏழு நாட்கள் தொடர்ந்து மிதிக்க வேண்டியிருப்பதால் பயிற்சியின்றி வருவோர் இரண்டாம் நாளே வருந்துவர். பயணத்துக்கு முன் 1,000 மைல் (சுமார் 1,600 கிலோமீட்டர்) மிதித்திருக்க வேண்டும் என்பது வழக்கமாகக் கூறப்படும் இலக்கு. இதில் தொலைவைவிட அடுத்தடுத்த நாட்களில் மிதித்துப் பழகுவதே முதன்மையானது. ஒருநாள் 100 கிலோமீட்டர் செல்வது பலருக்கும் இயலும். உடல் வலியோடு மறுநாள் காலையில் மீண்டும் இருக்கையில் அமர்வதே கடினம். பெரும்பாலோரை வீழ்த்துவது கால்களின் களைப்பு அன்று, இருக்கை உராய்வதால் ஏற்படும் புண்ணே ஆகும். ஆகவே திண்டு வைத்த அரைக்காற்சட்டையையும் தமக்குப் பொருந்தும் இருக்கையையும் பயிற்சிக் காலத்திலேயே பழக்கிக்கொள்வர். பயணத்தின்போது புதிய இருக்கையையோ புதிய காலணியையோ முதன்முறையாகப் பயன்படுத்துவது பெருந்தவறாகக் கருதப்படுகிறது.

மிதிவண்டியைப் பொறுத்தவரை புதிய டயர், சரிபார்த்த தடை, எண்ணெயிட்ட சங்கிலி ஆகியவை அடிப்படை. இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், சிறிய காற்றுப் பம்பு, திருகுகளுக்கான கருவி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம்முடனேயே வைத்துக்கொள்வர். வழியில் மிதிவண்டி பழுதுபார்ப்போர் உண்டு எனினும் ஆயிரக்கணக்கானோர் செல்லும் சாலையில் வரிசையும் நீளமாகவே இருக்கும். பஞ்சர் ஒட்டத் தெரிந்துகொண்டு வருவது தமக்கும் நல்லது, பிறருக்கும் நல்லது.

கூடாரம், தூங்கும் பை, மாற்றுடை ஆகியவற்றை மிதிவண்டியில் சுமக்க வேண்டியதில்லை. அவை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சுமையுந்தில் கொண்டுசெல்லப்படுகின்றன. எனினும் மாலையில் பெருந்திடலில் கிடக்கும் ஆயிரக்கணக்கான மூட்டைகளுள் தம்முடையதைக் கண்டுபிடித்துத் தாமே தூக்கிச் செல்ல வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு துணியை மூட்டையில் கட்டிவைப்பதன் பயன் அப்போது விளங்கும். ஒவ்வொரு நாளின் உடையையும் தனித்தனி நெகிழி உறையில் காற்றுப்புகாமல் கட்டிவைப்பது பழகியவர்களின் வழக்கம். மழையில் மூட்டை நனைந்தாலும் உடை நனையாது. விடியுமுன் இருட்டில் தேடவும் வேண்டாம். முதன்முறை வருவோர் பெரும்பாலும் மறப்பது காதடைப்பான். நூற்றுக்கணக்கான கூடாரங்களுக்கு நடுவில், குறட்டைகளுக்கிடையே, அதன் தேவையை முதல் இரவிலேயே உணர்வர்.

பத்து அல்லது இருபது பேர் சேர்ந்து குழுவாக வருவது பெருவழக்கு. சில குழுக்கள் பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி வண்ணம் பூசி, கூரைமேல் மிதிவண்டி நிறுத்தும் மேடையமைத்து ஆண்டுதோறும் பயன்படுத்துகின்றன. முறைவைத்து ஒருவர் பேருந்தை ஓட்டிச்சென்று, அடுத்த ஊரில் நிழலுள்ள இடத்தைப் பிடித்துவைப்பார். வாரம் முழுவதும் உணவு, இடம், திரும்பும் பயணம் ஆகியவை அக்குழுவுக்குள் பகிரப்படுகின்றன. பலர் ஒரே குழுவில் பல ஆண்டுகள் தொடர்வதற்கு மிதிவண்டியைவிட இதுவே காரணம்.

சாலையும் முகாமும்

ஜூலை மாத அயோவாவில் நண்பகல் வெப்பம் கடுமையானது. மக்காச்சோள வயல்கள் வெளிவிடும் ஈரத்தால் புழுக்கம் மேலும் மிகும். ஆகவே பலர் விடியற்காலையிலேயே புறப்பட்டு நண்பகலுக்குள் பெரும்பகுதியைக் கடந்துவிடுவர். தாகம் எடுக்குமுன் நீர் அருந்துவதும், வியர்வையில் இழந்த உப்பை ஈடுசெய்வதும் இன்றியமையாதவை. மறுபுறம் 1981ஆம் ஆண்டுப் பயணத்தில் ஒரு திங்கட்கிழமை குளிர்மழையில் கழிந்தது. அந்நாள் இன்றும் "நனைந்த திங்கள்" எனக் குறிப்பிடப்படுகிறது. தொடர இயலாதவர்களை ஏற்றிச்செல்லச் "சாக்" எனப்படும் துணை வண்டிகள் பின்தொடர்கின்றன. அதில் ஏறுவது இழிவாகக் கருதப்படுவதில்லை.

நெரிசலான சாலையில் குரலே முதன்மைப் பாதுகாப்பு. எதிரே வாகனம் வந்தால் முன்னே செல்பவர் கூவுவார். பின்னே வந்தால் பின்னுள்ளவர் கூவுவார். அக்கூவல் வரிசை நெடுகக் கடத்தப்படும். சாலைச் சந்திப்புகளுக்கு முன் ஓட்டுநரை விழிப்பூட்ட வெட்டப்பட்டுள்ள குறுக்குப் பள்ளங்கள் மிதிவண்டியைக் கவிழ்க்க வல்லவை. அவற்றுக்கும் தனிக் கூவல் உண்டு. முந்திச் செல்பவர் இடப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டே முந்த வேண்டும். நிற்க விரும்புபவர் முதலில் அறிவித்து, சாலையை விட்டு முற்றிலும் விலகிய பின்னரே நிற்க வேண்டும்.

மாலையில் பள்ளித் திடல், பூங்கா, கண்காட்சி மைதானம் ஆகியவை கூடார நகரங்களாகின்றன. சில குடும்பங்கள் தம் வீட்டுப் புல்வெளியில் முன்பின் அறியாதோரைக் கூடாரமடிக்க விடுவதுடன், குளியலறையையும் திறந்துவிடுகின்றன. பிறர் பள்ளிகளில் சிறு கட்டணம் செலுத்திக் குளிக்கின்றனர். நடமாடும் கழிப்பறைகள் இங்கே "கைபோ" என்ற பெயரால் அறியப்படுகின்றன; காலை ஐந்து மணிக்கு அவற்றின்முன் நிற்கும் வரிசையைத் தவிர்க்க எந்தப் பயிற்சியும் உதவாது. இரவில் இடிமழை திடீரென வரக்கூடும் என்பதால் தாழ்வான இடத்தைத் தவிர்த்து, முளைகளை எல்லாம் அடித்து, கூடாரத்தை இறுகக் கட்டுவது வழக்கம். சூறாவளி எச்சரிக்கை ஒலித்தால் அருகிலுள்ள உறுதியான கட்டடத்துக்குச் செல்ல வேண்டும். அது எங்கே உள்ளது என்பதைப் படுக்குமுன் அறிந்துவைத்திருப்பர்.

ஊர்களின் பங்கு

சில நூறு பேர் வாழும் சிற்றூர் ஒன்றை ஒரே முற்பகலில் பல்லாயிரம் பேர் கடந்து செல்கின்றனர். தேவாலய மகளிர், தீயணைப்புத் தொண்டர்கள், பள்ளி இசைக்குழுவினர் எனப் பலரும் உணவு விற்று அவ்வாண்டுச் செலவுக்குப் பொருள் திரட்டுகின்றனர். பழம் நிரப்பிச் சுட்ட இனிப்பு அடை, அவித்த மக்காச்சோளம், சுட்ட பன்றியிறைச்சி ஆகியவை இப்பயணத்தோடு பிரிக்கவியலாதவை. வழியிலுள்ள தேவாலயத்தில் அடை தீருமுன் சென்றுவிட வேண்டும் என்பதற்காகவே விரைந்து மிதிப்போரும் உளர்.

இரவு தங்கும் ஊரின் சுமை வேறு வகையானது. குடிநீர், குப்பை, மருத்துவ உதவி, போக்குவரத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் தன்னார்வக் குழுக்கள் ஜனவரி முதலே இயங்கத் தொடங்குகின்றன. இளைஞர்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து மக்கள்தொகை குறைந்துவரும் ஊர்களுக்கு இது வருவாய் மட்டுமன்று, தம்மைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பும் ஆகும்.

விபத்தும் பொறுப்பும்

2004இல் கிராஃபர்ட் கவுண்டி வழியே சென்றபோது, சாலை நடுவிலிருந்த பிளவில் சக்கரம் சிக்கி ஒருவர் இறந்தார். தொடரப்பட்ட வழக்கில் 2007இல் கவுண்டியின் தரப்பில் 3,50,000 டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு எட்டப்பட்டது. இதையடுத்து அக்கவுண்டி தன் எல்லைக்குள் ராக்பிரையைத் தடைசெய்தது. நாளிதழ் நடத்தும் நிகழ்ச்சிக்குச் சாலையின் உரிமையாளரான உள்ளாட்சி எதுவரை பொறுப்பேற்பது என்ற கேள்வி பிற கவுண்டிகளிலும் எழுந்தது. பங்கேற்போர் கையொப்பமிடும் பொறுப்புவிலக்குப் பத்திரம் உள்ளாட்சிகளையும் உள்ளடக்குமாறு மாற்றப்பட்டபின் தடை நீங்கியது. இறந்தவரின் குடும்பத்தார் நோக்கில் இது வேறுவிதமாகத் தோன்றக்கூடும். சாலைப் பிளவுகளை அடைக்கும் கடமை பத்திரத்தால் மறைந்துவிடுவதில்லை.

2019ஆம் ஆண்டுப் பிளவு

2019 செப்டம்பரில், குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டிய இளைஞர் ஒருவரின் பழைய டுவிட்டர் பதிவுகளை டெ மொயின் ரெஜிஸ்டர் வெளிக்கொணர்ந்தது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதனை நாளிதழ் கையாண்ட விதத்தை ஏற்காமல், அக்டோபரில் ராக்பிரையின் இயக்குநரும் ஊழியர்களும் பதவி விலகினர். 2020 ஜூலையில் அதே வாரத்தில் "அயோவாஸ் ரைடு" என்ற போட்டிப் பயணத்தை நடத்தப்போவதாகவும் அறிவித்தனர். ஆனால் பெருந்தொற்றினால் அவ்வாண்டு இரண்டுமே நடைபெறவில்லை. 2020க்கு அறிவிக்கப்பட்டிருந்த லெ மார்ஸ், கிளிண்டன் ஆகிய அதே இரு முனைகளுக்கிடையே ராக்பிரை 2021இல் மீண்டும் நடைபெற்றது.

ஒத்த பயணங்கள்

ராக்பிரையைத் தொடர்ந்து பிற மாநிலங்களிலும் இத்தகைய பயணங்கள் தோன்றின. ஜார்ஜியாவில் 1980இலும், கொலராடோவில் டென்வர் போஸ்ட் நாளிதழின் ஆதரவில் "ரைடு த ராக்கீஸ்" என்ற பெயரில் 1986இலும், ஒரிகனில் 1988இலும் அவை தொடங்கப்பட்டன. கொலராடோ பயணம் ராக்கி மலைத்தொடரின் கணவாய்களைக் கடப்பதால் அதற்கான ஆயத்தம் முற்றிலும் வேறானது.