தோற்றாலும் எங்கள் அணி! - சாக்ரமெண்டோ கிங்ஸ் ரசிகர்களின் கதை

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் போன்ற பெயர்கள்தான். ஜெயிக்கிற அணிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணிக்கு, அதை ஊரை விட்டுப் போகாமல் தடுத்து நிறுத்தும் அளவுக்கு ரசிகர்கள் இருந்தால்? கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமெண்டோவில் அதுதான் நடந்தது.

ஊர் ஊராகப் போன அணி

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என்.பி.ஏ. அணி என்பது ஊருக்குச் சொந்தமானது அல்ல. அது ஒரு தனியார் சொத்து. மற்ற அணிகளின் உரிமையாளர்கள் சம்மதித்தால், முதலாளி அதை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். கடையைக் காலி செய்துகொண்டு வேறு தெருவுக்குப் போவது மாதிரிதான்!

கிங்ஸ் அணியே அப்படி வந்து சேர்ந்ததுதான். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் 'ராயல்ஸ்' என்ற பெயரில் ஆடி 1951-ல் சாம்பியன் பட்டம் வென்றது. 1957-ல் சின்சினாட்டிக்குப் போனது. 1972-ல் கான்சாஸ் சிட்டிக்குப் போனது. அங்கே ஏற்கெனவே ராயல்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருந்ததால் 'கிங்ஸ்' ஆனது. 1985-ல் சாக்ரமெண்டோவுக்கு வந்தது. 1951-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பட்டம்கூட இல்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு ஊர் ரசிகர்களைத் தவிக்கவிட்டுத்தான் கிளம்பியது.

தோல்விக்கும் ஹவுஸ்ஃபுல்

சாக்ரமெண்டோ மக்கள் அந்த அணியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ், இன்னொரு பக்கம் சான் பிரான்சிஸ்கோ. தலைநகராக இருந்தும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஊர் அது. அங்கே இருந்த ஒரே பெரிய விளையாட்டு அணி கிங்ஸ்தான். 1985 முதல் 1997 வரை தொடர்ந்து 497 உள்ளூர் ஆட்டங்களுக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

அந்த 12 சீசன்களில் அணி என்ன சாதித்தது? ஒரு சீசனில்கூட தோல்விகளை விட வெற்றிகள் அதிகம் இல்லை! பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது இரண்டே முறை.

1990-91 சீசன் இன்னும் வேடிக்கை. சொந்த ஊரில் ஆடிய 41 ஆட்டங்களில் 24 வெற்றி. வெளியூரில் ஆடிய 41 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி! அதே வீரர்கள், அதே பயிற்சி. உள்ளூர் கூட்டத்தின் சத்தத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு கொஞ்சகாலம் நல்ல காலம். கிறிஸ் வெப்பர், விளாடே டிவாச், மைக் பிபி போன்றவர்கள் ஆடிய அணி 2001-02 சீசனில் 82-ல் 61 ஆட்டங்களை வென்றது. லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன், சாக்ரமெண்டோவைப் பாதி நாகரிகம் மட்டுமே அடைந்த ஊர் என்று ஒருமுறை கிண்டலடித்திருந்தார். ரசிகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மாட்டுக் கழுத்தில் கட்டும் மணிகளை அரங்குக்கே கொண்டுவந்து ஆட்டினார்கள்!

அந்த ஆண்டு மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் அதே லேக்கர்ஸோடு மோதினார்கள். ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. நடுவர்களின் தீர்ப்புகள் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய், சொந்த மண்ணிலேயே கிங்ஸ் தோற்றது. 2006-க்குப் பிறகு பிளே-ஆஃப் பக்கமே போக முடியவில்லை. 2008-09-ல் 82 ஆட்டங்களில் 17 வெற்றிதான்.

மூட்டை கட்டிய முதலாளிகள்

அப்போது அணியின் உரிமையாளர்கள் மலூஃப் குடும்பத்தினர். லாஸ் வேகாஸில் இருந்த அவர்களது சூதாட்ட விடுதித் தொழில் கடனில் சிக்கியிருந்தது. சாக்ரமெண்டோவின் அரங்கமும் பழசாகிவிட்டது. புதிய அரங்கத்துக்காக விற்பனை வரியை உயர்த்தும் திட்டத்தை 2006-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்திருந்தார்கள். 2011-ல் அணியை அனாஹெய்ம் நகருக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது.

2011 ஏப்ரல் 13. அதுதான் கடைசி ஆட்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எதிரணி? வேறு யார், லேக்கர்ஸ்தான். கிங்ஸ் கூடுதல் நேரத்தில் தோற்றது. ஆட்டம் முடிந்தும் ரசிகர்கள் இருக்கையை விட்டு எழவில்லை. பலர் அழுதார்கள்.

அழுததோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. நகர மேயர் கெவின் ஜான்சன் முன்னாள் என்.பி.ஏ. வீரர். உள்ளூர் நிறுவனங்களிடம் சுமார் 1 கோடி டாலருக்கு விளம்பர வாக்குறுதிகளைத் திரட்டி, உரிமையாளர்கள் கூட்டத்தில் போய் வாதாடினார். ஒரு வருட அவகாசம் கிடைத்தது. 2012-ல் போட்ட அரங்க ஒப்பந்தத்திலிருந்து மலூஃப் குடும்பம் பின்வாங்கியது. 2013 ஜனவரியில் அணியை சியாட்டில் குழு ஒன்றுக்கு விற்கவும் ஒப்புக்கொண்டது.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. சியாட்டில்காரர்கள் வில்லன்கள் அல்ல. 41 வருடம் அவர்களோடு இருந்த சூப்பர்சானிக்ஸ் அணியை, புதிய முதலாளி 2008-ல் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். அவர்களும் இதே மாதிரி கத்தியவர்கள், அழுதவர்கள். ஒரு ஊரின் காயம் ஆற வேண்டுமானால் இன்னொரு ஊருக்குக் காயம்பட வேண்டும் என்ற நிலை!

சியாட்டில் குழு அணியின் மதிப்பை 62.5 கோடி டாலர் வரை உயர்த்தியது. சாக்ரமெண்டோ சார்பில் வந்த குழு சுமார் 53.5 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அந்தக் குழுவின் தலைவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. 2013 மே 15-ல் உரிமையாளர்கள் வாக்களித்தார்கள். 22-க்கு 8 என்ற கணக்கில் இடமாற்றம் நிராகரிக்கப்பட்டது. அதிக விலை சொன்னவர் தோற்றார்!

ரசிகனுக்கு என்ன கிடைத்தது?

வணிகவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தொழிலை விற்கும்போது அதற்கு விலை உண்டு. சாக்ரமெண்டோவில் அந்த நற்பெயரை உருவாக்கியது யார்? 28 வருடம் டிக்கெட் வாங்கி, தோல்விகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள். விற்ற பணம் யாருக்குப் போனது? உரிமையாளர்களுக்கு. ரசிகனிடம் பங்குப் பத்திரமும் கிடையாது, அந்தக் கூட்டத்தில் ஓட்டும் கிடையாது.

"மோசமாக ஆடும் அணிக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்? நீங்கள் போகாமல் இருந்தால்தானே முதலாளி திருந்துவார்?" என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் கடைக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது. கூட்டம் குறைந்தால், "இந்த ஊருக்கு ஆர்வம் இல்லை, வேறு ஊருக்குப் போகிறோம்" என்பார் முதலாளி. கூட்டம் வந்தால், அணியைச் சரிசெய்ய அவசரம் இல்லை. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி ரசிகன் நிலை. அப்படியும் அவன் அணிக்காகப் பரிந்து பேசுகிறான் என்றால், அவன் காப்பாற்றுவது முதலாளியை அல்ல. தன் ஊருக்கு என்று இருக்கும் ஒன்றைத்தான்.

அதற்கு ஊர் கொடுத்த விலையையும் மறைக்கக்கூடாது. புதிய அரங்கத்துக்கு நகரத்தின் பங்கு சுமார் 25.5 கோடி டாலர். கூடைப்பந்து பார்க்காதவர்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. 2014-ல் நகர மன்றம் 7-க்கு 2 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. 2016-ல் கோல்டன் 1 சென்டர் திறக்கப்பட்டது.

முதலாளி மாறினார், அரங்கம் மாறியது, தோல்வி மட்டும் மாறவில்லை. 2022 வரை தொடர்ந்து 16 சீசன்கள் பிளே-ஆஃப் இல்லை. என்.பி.ஏ. வரலாற்றில் அவ்வளவு நீண்ட வறட்சி அதற்குமுன் எந்த அணிக்கும் வந்ததில்லை. 2022-23-ல்தான் விடிந்தது. 48 வெற்றிகள், மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். அந்த சீசனில் ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கின் மேலிருந்து வானத்தை நோக்கி ஊதா நிற ஒளிக்கற்றை பாய்ச்சினார்கள். முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஸ்டீபன் கரி 50 புள்ளிகள் அடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார் என்பது வேறு கதை!

2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் மறுபடி பிளே-ஆஃப் கை நழுவியது. 2024 டிசம்பரில் பயிற்சியாளர் மைக் பிரவுன் நீக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் நட்சத்திர வீரர் டி'ஏரன் ஃபாக்ஸ் வேறு அணிக்குப் போனார்.

ரசிகர்களின் விசுவாசத்தால் அணியை ஜெயிக்க வைக்க முடியவில்லை. ஆனால் ரோசெஸ்டரும் சின்சினாட்டியும் கான்சாஸ் சிட்டியும் பிடித்து வைக்க முடியாமல் போன ஓர் அணியை சாக்ரமெண்டோவால் பிடித்து வைக்க முடிந்தது. தோற்றாலும் அந்த ஊரிலேயேதான் தோற்கிறார்கள். மறுநாள் காலையில் திட்டுவதற்காவது அவர்களுக்கென்று ஓர் அணி இருக்கிறது. கிடைக்காத சியாட்டில்காரரைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.