ராஜபார்ட்டை விற்ற முதலாளி

பழைய நாடகக் கம்பெனிக் கதைகளைக் கேட்டவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ராஜபார்ட் நடிகர் முதலாளியின் முன்னால் வந்து நிற்பார். "மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டது வாஸ்தவந்தான். ஆனால் கூட்டம் வருவது எனக்காக அல்லவா? சம்பளத்தை இரண்டு மடங்கு ஆக்குங்கள்" என்பார். முதலாளி விழிப்பார். கொடுத்தால் கம்பெனி தாங்காது. கொடுக்காவிட்டால் கொட்டகையில் ஆள் இராது.

இதே காட்சி 1919-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து பேஸ்பால் அணியில் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் முதலாளி ஒரு நாடகக்காரர்தான். நியூயார்க்கில் நாடகங்கள் தயாரித்து வந்த ஹாரி ஃப்ரேஸி என்பவர் 1916-இல் 'ரெட் ஸாக்ஸ்' அணியை வாங்கினார். வாங்கிய கடன் முழுவதும் அடையவில்லை. அவருடைய ராஜபார்ட்டின் பெயர் பேப் ரூத்.

பேஸ்பால், கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. நாம் 'சிக்ஸர்' என்று துள்ளிக் குதிக்கும் அடியைப் போன்றது அங்கே 'ஹோம் ரன்'. ஆனால் சிக்ஸரைவிட அது மிகவும் அரிது. முதலில் அருமையான இடது கைப் பந்து வீச்சாளராக இருந்த ரூத், 1919-இல் ஹோம் ரன் மட்டும் 29 அடித்தார். அதுவரை யாரும் ஒரே ஆண்டில் அத்தனை அடித்ததில்லை. ஆண்டுக்கு 10,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்திருந்தவர், முதல் ஆண்டு முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டு 20,000 தரச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 24.

ஃப்ரேஸி மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல், டிசம்பர் 26-ஆம் தேதி ரூத்தை நியூயார்க் 'யாங்கீஸ்' அணிக்கு விற்றுவிட்டார்.

வெகு காலம் நான் இந்த மனிதரை முழு மூடர் என்றே நினைத்திருந்தேன். அந்த நாளைய நிலவரத்தைப் படித்த பிறகு அவர்மீது கொஞ்சம் இரக்கம் உண்டாகிவிட்டது. 29 ஹோம் ரன் அடித்தும் அந்த ஆண்டு பாஸ்டனுக்குக் கிடைத்தது எட்டு அணிகளில் ஆறாவது ஸ்தானந்தான். 1918-இலோ ரூத் நிர்வாகியுடன் சண்டை போட்டுக்கொண்டு, கப்பல் கட்டும் தளம் ஒன்றின் அணியில் சேரப் போகிறேன் என்று பாதியிலேயே புறப்பட்டவர். லீக் தலைவருக்கும் ஃப்ரேஸிக்கும் தீராப் பகை. ஆகவே எட்டு அணிகளில் ஐந்து அணிகள் தலைவர் பக்கம் நின்றன. வியாபாரம் பேச ஃப்ரேஸிக்கு மிஞ்சியது இரண்டே அணிகள்.

விலை ஒரு லட்சம் டாலர். அதோடு, பாஸ்டன் மைதானத்தின் அடமானத்தின்மேல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கடன். வாங்கியவர்களில் ஒருவர் ஜேக்கப் ரூப்பர்ட், பீர் உற்பத்தி செய்து செல்வரானவர். மறு மாதமே அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டது! பீர் விற்க முடியாதவர் பேப் ரூத்தை விற்றுப் பிழைத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் பணத்தில்தான் ஃப்ரேஸி 'நோ, நோ, நானெட்' என்ற இசை நாடகத்தைப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதைதான். ஆனால் அந்த நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது 1925-இல். கதை எழுதுகிறவர்களுக்குத் தேதிகள் எப்போதும் விரோதிகள்.

அடுத்த ஆண்டு ரூத் அடித்தது 54 ஹோம் ரன். பாஸ்டன் அணியார் அத்தனை பேரும் சேர்ந்து அடித்தது 22. யாங்கீஸ் ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்; முந்தின ஆண்டைப்போல் இரண்டு மடங்கு. ரூத் கேட்ட 20,000 டாலரும் கிடைத்தது. ஃப்ரேஸியின் பிசகு இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ரூத்தின் சம்பளத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதியவர், வரவுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதிகப்படி பதினாயிரத்துக்கு அஞ்சி மூன்று லட்சம் கடன் வாங்கினார். பசுவை விற்றுத் தொழுவத்தை அடகு வைத்தார்! மற்ற நல்ல ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக நியூயார்க்குக்கே போனார்கள். 1922 முதல் 1932 வரை பதினோர் ஆண்டுகளில் ஒன்பது தடவை பாஸ்டனுக்குக் கடைசி ஸ்தானம். 1918-க்குப் பிறகு மறுபடி உலகப் பட்டம் கிடைத்தது 2004-இல்.

ரூத்தை யாராவது கேட்டார்களா? இல்லை. கலிபோர்னியாவில் இருந்தவரை யாங்கீஸ் நிர்வாகி தேடிப் போய்ச் செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் தாமாக வேறு அணிக்குப் போக முடியாது என்ற விதி 1975 வரை நீடித்தது. ரூத் முரண்டு பிடித்தார் என்று கோபப்படுகிறவர்கள், முரண்டைத் தவிர அவர் கையில் வேறென்ன ஆயுதம் இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

பதினைந்து ஆண்டுகள் சென்று அதே கேள்வி ரூப்பர்ட்டின் வாசலுக்கும் வந்தது. 1930-இல் 80,000 டாலர் வாங்கிய ரூத்துக்கு 1934-இல் 35,000. வயது 39, உடல் பருத்து, கால்கள் தளர்ந்துவிட்டன. நிர்வாகி பதவி கேட்டார், கிடைக்கவில்லை. 1935-இல் ரூப்பர்ட் விலை ஒன்றும் கேட்காமல் அவரை விடுவித்தார். கணக்கின்படி அதில் தவறு சொல்ல முடியாது. ரூத் போய்ச் சேர்ந்தது பாஸ்டனின் இன்னோர் அணியான 'பிரேவ்ஸ்'.

அந்த மே மாதம் 25-ஆம் தேதி பிட்ஸ்பர்க் மைதானத்தில் அவர் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது பந்து கொட்டகைக் கூரையையும் தாண்டி வெளியே போய் விழுந்தது. அது அவருடைய 714-ஆவது ஹோம் ரன், கடைசியும் அதுதான். சில நாட்களில் ஆட்டத்தை விட்டே விலகினார்.

அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது பிட்ஸ்பர்க்.