குழந்தைகளின் இதயத் தசை நோயும் எக்கோ பரிசோதனையும்

இதயத் தசை நோய் (கார்டியோமயோபதி) என்பது இதயத்தின் தசை தளர்ந்தோ தடித்தோ போவதால் இதயம் சரிவர இயங்க முடியாத நிலையாகும். குழந்தைகளிடம் இது மூச்சிரைப்பு, பால் குடிக்கும்போது வியர்த்தல், எடை கூடாமை என வெளிப்படும். அதனால் சளித்தொல்லை என்று எண்ணிக் காலம் கடந்துவிடுவதுண்டு. நோயை உறுதி செய்ய உதவும் முதன்மையான பரிசோதனை, மீயொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ.

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸும் முதன்முதலாக மீயொலியால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அவர்கள் இரவல் வாங்கிய கருவி, மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசல்களைக் கண்டறியப் பயன்பட்டது. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஃபைகன்பாம் இம்முறையை வளர்த்தார். 1970களில் இருபரிமாணப் படங்கள் வந்தன. ஊசியோ கதிர்வீச்சோ இல்லாததால் கைக்குழந்தைக்கும் பலமுறை செய்யலாம்.

இடது கீழறையின் அகலம் விரியும்போது 40 மி.மீ., சுருங்கும்போது 26 மி.மீ. எனில், குறைந்த 14 மி.மீ. என்பது 35 விழுக்காடு. இதுவே 'சுருக்கப் பின்னம்'. 50 மி.மீ. அகலமான அறை 43 மி.மீ. வரை மட்டுமே சுருங்கினால் பின்னம் 14 விழுக்காடு. தசை தளர்ந்துள்ளது என்று பொருள். குழந்தையின் இதயம் வளர்ந்துகொண்டே இருப்பதால், அறையின் அகலம் இயல்பானதா என்பதை உடற்பரப்போடு ஒப்பிட்டே கூறுவர்.

தென் தமிழகத்துக்கும் இந்நோயின் வரலாற்றில் இடமுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது என்றும், அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்றும் அது காட்டியது. 2014இல் தண்டபாணி குழுவினர், குழந்தைப் பருவத்தில் தோன்றும் இதயத் தளர்ச்சிக்கு வேறொரு மரபணு மாற்றமும் காரணமாவதைக் கண்டறிந்தனர்.

மரபணுச் சோதனை அபாயத்தைச் சொல்லும். இதயம் தளரத் தொடங்கிவிட்டதா என்பதை எக்கோதான் காட்டும். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தோருக்கும் பெற்றோருக்கும் எக்கோ எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அறிகுறி இல்லாதவர்களிடமும் தளர்ச்சியை முன்பே கண்டு மருந்து தொடங்கலாம். பரிசோதனை பலமுறை தேவைப்படுவதால் ஊருக்கு அருகில் கிடைப்பது முக்கியம். மதுரையை அடுத்த விருதுநகர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில்தான் வந்தது. அதுவரை சிவகாசி, சாத்தூர் பகுதிப் பெற்றோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியிருந்தது.