கம்பியில்லா இம்பாக்ட் ரெஞ்ச்
இறுகிப்போன நட்டு, போல்ட்டுகளைக் கழற்ற மெக்கானிக்குகள் பயன்படுத்தும் பாட்டரிக் கருவி. மோட்டார் சுழற்றும் உட்சுத்தியல், சாக்கெட் மாட்டிய தண்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்திசையில் அடிக்கிறது. விசை அடியடியாகச் செல்வதால் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை.

கம்ப்ரசரும் காற்றுக்குழாயும் தேவையில்லை என்பதே இதன் பெரிய லாபம். நடுவழியில் நின்ற வண்டிக்கும் கையோடு கொண்டுபோகலாம். பிரஷ் இல்லாத மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் துண்டுகள் கிடையாது. பெரும்பாலும் முதலில் தளர்வது பாட்டரிதான், விலையில் கணிசமான பங்கும் அதற்கே. ஒரு நிறுவனத்தின் பாட்டரி பொதுவாக இன்னொன்றின் கருவியில் பொருந்தாது. ஆகவே வாங்குபவர் ஒரு கருவியை அல்ல, ஒரு குடும்பத்தையே தேர்ந்தெடுக்கிறார்.

விளம்பர எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 3.6 வோல்ட் லித்தியம் அயனிக் கலங்கள் ஐந்து சேர்ந்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் அளந்து அதையே '20 வோல்ட்' என்று விற்பதும் உண்டு. பெரிதாக அச்சிடப்படும் திருகுவிசை பெரும்பாலும் கழற்றும்போது கிடைப்பது. முடுக்கும் விசை அதைவிடக் குறைவு. அதுவும்கூடக் கார்ச் சக்கர நட்டுக்கு மிகையாகலாம் என்பதால், கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால்தான். சாதாரண குரோம் சாக்கெட் இம்பாக்ட் ரெஞ்சின் அடியில் விரிசல்விட்டுத் தெறிக்கக்கூடும்.