இணைப்பும் கூட்டிணைவும்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

தொலைபேசியில் நாம் பேசும் குரல் வேறு. அக்குரலுக்கு வழியமைக்கும் சமிக்ஞை வேறு. எந்த எண் அழைக்கப்படுகிறது, மறுமுனை ஓய்வாக உள்ளதா, பேச்சு முடிந்ததா என்பவற்றைத் தொலைபேசி நிலையங்கள் தமக்குள் அறிவித்துக்கொள்வதே சமிக்ஞையாகும்.

முற்காலத்தில் இச்சமிக்ஞை குரல் செல்லும் தடத்திலேயே ஒலியாகச் சென்றது. அமெரிக்காவில் சிலர் 2600 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, நிலையத்தை ஏமாற்றிக் கட்டணமின்றிப் பேசினர். சமிக்ஞைக்குத் தனித்தடம் வகுக்கும் ஏழாம் சமிக்ஞை முறை 1980இல் அனைத்துலகத் தரமாயிற்று.

1990களின் இறுதியில் இச்சமிக்ஞைகளை இணையத்தின் வழியே அனுப்ப வேண்டிய தேவை எழுந்தது. அன்று கைவசம் இருந்த டிசிபி நெறிமுறை 1981இல் வரையறுக்கப்பட்டது. அதில் ஒரு செய்தி தொலைந்தால், வேறு அழைப்புகளுக்குரிய செய்திகளும் அதன் பின்னே காத்துக்கிடக்கும். மேலும், அழைப்பு வந்தவுடனே ஏற்பவர் அதற்கென நினைவகத்தில் இடம் ஒதுக்குவார். 1996இல் நியூயார்க்கின் பேனிக்ஸ் நிறுவனத்தைப் போலி அழைப்புகளால் முடக்கியோர் இந்த இயல்பையே பயன்படுத்தினர்.

2000 அக்டோபரில் வெளியான எஸ்சிடிபி நெறிமுறை இவ்விரு குறைகளையும் நீக்க முயன்றது. செய்திகள் பல ஓடைகளாகப் பிரிந்து செல்வதால், ஓர் ஓடையின் தடை மற்றொன்றைத் தாக்குவதில்லை. தொடர்பு நான்கு படிகளில் அமைகிறது. முதலில் ஒரு முனை அழைக்கிறது. ஏற்கும் முனை எதையும் நினைவில் வைக்காமல், வேண்டிய விவரங்களை எல்லாம் முத்திரையிட்ட 'குக்கி'யில் வைத்துத் திருப்பி அனுப்புகிறது. அழைத்த முனை அதனை அப்படியே மீண்டும் அனுப்ப வேண்டும். முத்திரையும் காலமும் சரியெனக் கண்ட பின்னரே ஏற்கும் முனை இடம் ஒதுக்கி ஒப்புதல் தருகிறது. பொய் முகவரியிலிருந்து அழைத்தவருக்குக் குக்கி சென்று சேராது. ஆகவே அவரால் மூன்றாம் படிக்கு வர இயலாது.

இத்தொடர்பை வடிவமைத்தோர் 'கனெக்‌ஷன்' எனக் குறிக்காமல் 'அசோசியேஷன்' எனக் குறித்தனர். டிசிபியில் முனைக்கு ஒரு முகவரிதான். எஸ்சிடிபியிலோ ஒரு முனைக்குப் பல முகவரிகள் இருக்கலாம். ஒரு வழி அறுந்தாலும் மற்றொரு வழியில் தொடர்பு நீடிக்கும். இரண்டையும் 'இணைப்பு' என்றே தமிழாக்கினால் இந்த வேறுபாடு மாணவருக்குப் புலப்படாமல் போகும். பின்னதைக் 'கூட்டிணைவு' எனலாம் என்பது என் கருத்து. இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பின் ஏற்கலாம். ஆயினும் அகராதியைப் புரட்டுமுன், அச்சொல் குறிக்கும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.