நெல் தோகை காய்கிறதா? மருந்து வாங்கும் முன் ஒரு தம்ளர் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பயிர் வளரும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. காற்றோடு மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் தோகையின் நுனி மஞ்சளாகி, ஓரம் வழியாக அலை அலையாகக் கீழே காய்ந்து வரும். இதைக் குலைநோய் என்று எண்ணிப் பூஞ்சாண மருந்து தெளிப்பவர்கள் பலர். பத்து நாள் கழித்தும் நோய் நிற்காது. மருந்துச் செலவும் கூலியும் நஷ்டம். மருந்தில் குறை இல்லை. அது கொல்லக்கூடிய உயிரி அந்தத் தோகையில் இல்லை என்பதே காரணம். இது பெரும்பாலும் பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கும்.

இரண்டும் ஒன்றல்ல

எல்லா உயிர்களும் செல் என்னும் சிறு அறைகளால் ஆனவை. 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த அறைகளுக்கு இட்ட பெயர் அது. நோய்க்கிருமியின் செல் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே மருந்து வேலை செய்கிறது.

குலைநோய் ஒரு பூஞ்சாணம். அதன் வித்து மூன்று செல்களுடன் பேரிக்காய் வடிவில் இருக்கும். நீளம் சுமார் 20 மைக்ரான் (1 மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான்). இலையில் ஒட்டிக்கொண்டு, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, இலையின் செல் சுவரைத் துளைத்து நுழையும். இதற்கு அதன் சுவரில் ஒரு கருநிறப் பொருள் தேவை. டிரைசைக்ளசோல் மருந்து அந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கிறது. கார்பன்டசிம் பூஞ்சாண செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது.

பாக்டீரியா ஒரே செல். நீளம் 1 முதல் 2 மைக்ரான்தான். அது எதையும் துளைப்பதில்லை. இலை ஓரத்திலுள்ள நீர்த்துளைகள், காயங்கள் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகுகிறது. மேற்சொன்ன இரண்டு மருந்துகளுக்கும் அதனிடம் வேலை இல்லை.

ஜப்பானில் 1884-ல் இந்நோய் கவனிக்கப்பட்டபோது, மண்ணின் அமிலத்தன்மையே காரணம் என்று நம்பினார்கள். நோயுற்ற இலைகளின் பனித்துளிகளில் பாக்டீரியா கூட்டம் இருப்பது 1908-ல் தெரிந்த பிறகே உண்மை விளங்கியது.

வீட்டிலேயே செய்யும் சோதனை

1. காலையில் வயலுக்குச் சென்று, புதிதாக மஞ்சளாகத் தொடங்கிய தோகைகளை எடுங்கள். முழுவதும் காய்ந்த தோகை உதவாது.
2. பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் புது பிளேடால் இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள்.
3. தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடித் தம்ளரில், வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி இடுங்கள். அசைக்கக் கூடாது.
4. ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் கலங்கல் போல நூலாக இறங்கினால் அது பாக்டீரியா.
5. ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல தோகையின் துண்டை வேறு தம்ளரில் இதேபோல் வையுங்கள்.

கலங்கல் வராமல், தோகையில் நடுவே சாம்பல் நிறமுள்ள கண் வடிவப் புள்ளிகள் இருந்தால் குலைநோயாக இருக்கலாம். புள்ளியும் இல்லை, கலங்கலும் இல்லை என்றால் துத்தநாக, சாம்பல்சத்துக் குறைபாடு அல்லது உப்பு நீரின் பாதிப்பையும் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கி கிடைத்தால்

உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் உள்ள நுண்ணோக்கியே போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு, வெட்டிய துண்டை வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி, 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நரம்பு முனையிலிருந்து புகை கிளம்புவது போலத் தெரிந்தால் பாக்டீரியா. மனு பிரகாஷ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் கருவியும் 140 மடங்கு காட்டும். குலைநோய் வித்துகளை அதிலும் பார்க்கலாம்.

பாக்டீரியா என்று தெரிந்தால்

- யூரியா மேலுரம் இடுவதை உடனே நிறுத்துங்கள். நோய் அடங்கிய பின் பிரித்து இடலாம்.
- நோயுள்ள வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு மடை திறந்து விடாதீர்கள். வயலுக்கு வயல் நீர் பாயும் நம் கால்வாய்ப் பாசனத்தில் இது மிக முக்கியம்.
- தோகை ஈரமாக இருக்கும்போது வயலில் இறங்கி வேலை செய்யாதீர்கள்.
- புதிய மாட்டுச்சாணக் கரைசல் 20 சதவீதம் (ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாணம்) கரைத்து வடிகட்டி, நோய் தொடங்கியதும் ஒருமுறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளியுங்கள்.
- அடுத்த பருவத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள். அந்தக் காயமே பாக்டீரியாவுக்கு வாசல்.
- ஆன்டிபயாடிக் மருந்துகளை வேளாண் அலுவலரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால், மருந்து தெளிப்பதற்கு முன்பே, பாதி பச்சையாக உள்ள பத்துத் தோகைகளைக் காகிதத்தில் சுற்றி அன்றே எடுத்துச் செல்லுங்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இரண்டும் நம் ஆற்றுப் பகுதியிலேயே உள்ளன. "என்ன மருந்து அடிக்க?" என்று கேட்பதற்கு முன் "இது என்ன நோய்?" என்று கேளுங்கள்.